டொலிடோ: கண்ணாடி வளர்த்த ஊரில் எதை, எந்த வரிசையில் பார்ப்பது

கேள்வி இதுதான்: டெட்ராய்ட் பக்கம் இருக்கிறீர்கள், ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கிறார்கள், சிகாகோவைக் காட்டியாகிவிட்டது. ஒரு மணி நேரத் தூரத்தில் ஒஹாயோவின் டொலிடோவில் நல்ல கலை அருங்காட்சியகம் இருக்கிறது என்கிறார்களே, அதற்காக ஒரு சனி ஞாயிறைச் செலவழிக்கலாமா? வேறு என்ன பார்க்கலாம்? வயதானவர்களுக்குச் சரிப்படுமா?

தாராளமாகப் போகலாம். காலையில் போய் மாலையில் திரும்புவதைவிட ஒரு இரவு தங்குகிற மாதிரி போங்கள். பெரும்பாலானவர்கள் இந்த ஊரைக் கிளீவ்லாந்துக்கோ சின்சினாட்டிக்கோ போகிற வழியில் நெடுஞ்சாலையிலிருந்து பார்த்ததோடு சரி. தானியக் கிடங்குகள், நிலக்கரிக் குவியல், சரக்கு ரயில், ஒரு பெரிய பாலம், அவ்வளவுதான் கண்ணில் படும். இப்படியொரு துறைமுக ஊருக்கு ரூபன்ஸ், ரெம்பிராண்ட், எல் கிரேக்கோ போன்ற பழைய ஐரோப்பிய ஓவியர்களின் படங்கள் எப்படி வந்து சேர்ந்தன என்ற கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால், அங்கே பார்க்கிற எல்லாமே ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். பதில், கண்ணாடி. அதனால் ஓவியத்தில் தொடங்காமல் கண்ணாடியில் தொடங்குங்கள் என்பதுதான் என் முதல் ஆலோசனை.

எட்வர்ட் டிரம்மண்ட் லிப்பி, மாசசூசெட்ஸில் தன் அப்பா நடத்திவந்த கண்ணாடித் தொழிற்சாலைக்குப் பொறுப்பேற்றவர். அங்கே எரிபொருள் செலவு கட்டுப்படியாகவில்லை, வேலைநிறுத்தமும் சேர்ந்துகொண்டது. மணலை உருக்குகிற உலை இரவும் பகலும் அணையாமல் எரிய வேண்டும், அதனால் எரிபொருள் மலிவாகக் கிடைக்கிற இடத்துக்குத்தான் கண்ணாடித் தொழில் போகும். வடமேற்கு ஒஹாயோவில் அந்தச் சமயத்தில் இயற்கை எரிவாயு கிடைக்கத் தொடங்கியிருந்தது. நல்ல மணலும் ரயில் வசதியும் இருந்தன, மாமீ ஆறு ஈரி ஏரியில் சேரும் இடத்தில் துறைமுகமும் இருந்தது. நிலம் தருகிறோம் வாருங்கள் என்று ஊரும் கூப்பிட்டது. 1888ல் லிப்பி தொழிற்சாலையை அப்படியே டொலிடோவுக்குக் கொண்டுவந்தார்.

அவரிடம் வேலைக்குச் சேர்ந்த மைக்கேல் ஓவன்ஸ், பத்து வயதிலேயே கண்ணாடிச் சாலைக் கூலியாக வாழ்க்கையைத் தொடங்கியவர். பாட்டில்களைத் தானாகவே செய்யும் இயந்திரத்தை 1903ல் அவர் உருவாக்கினார். அதுவரை பாட்டில் தயாரிப்பு மனித மூச்சையும் கையையும் நம்பியிருந்தது. ஊதுபவரைச் சுற்றிச் சிறுவர்கள் எடுபிடியாக உலைச் சூட்டில் ஓடிக்கொண்டிருப்பார்கள். இயந்திரம் வந்த பிறகு அந்தச் சிறுவர் கூட்டம் வெகுவாகக் குறைந்தது. அமெரிக்காவின் பெரிய கண்ணாடி நிறுவனங்கள் பலவற்றின் பெயரில் ஓவன்ஸும் லிப்பியும் இன்றும் இருப்பதற்குக் காரணம் இந்த இருவரின் கூட்டணிதான்.

டொலிடோ கலை அருங்காட்சியகத்தை லிப்பியும் நண்பர்களும் 1901ல் வாடகை அறைகளில் தொடங்கினார்கள். அயோனியத் தூண்கள் வரிசையாக நிற்கும் இப்போதைய வெள்ளைப் பளிங்குக் கட்டடம் 1912ல் திறந்தது. அது நிற்கிற நிலம் அவருடைய மனைவி ஃபுளோரன்ஸ் ஸ்காட் லிப்பியின் குடும்பச் சொத்து. 1925ல் லிப்பி இறந்தபோது தன் செல்வத்தில் பெரும்பங்கை அருங்காட்சியகத்துக்கு எழுதிவைத்திருந்தார். உள்ளே போனால் படங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் குறிப்புச் சீட்டுகளையும் படியுங்கள். ‘லிப்பி அறக்கொடை நிதியில் வாங்கியது’ என்ற வரி திரும்பத் திரும்ப வரும். ஒரு தொழிற்சாலையின் லாபம் நூறு வருடங்களாக ஓவியங்களாகிக்கொண்டே இருக்கிறது. நுழைவுக்குக் கட்டணமும் கிடையாது. கார் நிறுத்த மட்டும் காசு வாங்குகிறார்கள். இலவசம் என்பது வயதானவர்களோடு போகிறவர்களுக்குப் பெரிய நிம்மதி. டிக்கெட் எடுத்தாயிற்றே என்று எல்லா அறையையும் நடந்து தீர்க்க வேண்டியதில்லை. காலையில் கொஞ்சம் பார்த்துவிட்டு, சாப்பிட்டு ஓய்வெடுத்து, மறுபடி வரலாம். அங்கே நான் எப்போதும் பார்ப்பது இந்த முறையில்தான்.

வாரத்தின் தொடக்கத்தில், திங்களும் செவ்வாயும், பொதுவாக மூடியிருக்கும். தவிர, சேகரிப்பு முழுவதையும் புதிய முறையில் மாற்றி அடுக்கும் பெரிய வேலையை எடுத்திருக்கிறார்கள். நான் சொல்கிற ஓவியம் ஏதாவது சுவரில் இல்லாமலும் போகலாம். கிளம்புமுன் அவர்கள் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சரி, முதலில் போக வேண்டியது சாலைக்கு எதிர்ப்புறம் இருக்கும் கண்ணாடி மண்டபத்துக்கு. 2006ல் திறந்த ஒற்றைத் தளக் கட்டடம் அது. ஜப்பானின் கசுயோ செஜிமா, ரியூ நிஷிசாவா இருவரும் சேர்ந்து நடத்தும் சானா நிறுவனம் வடிவமைத்தது. அமெரிக்காவில் அவர்கள் செய்த முதல் கட்டடம் இதுதான். கட்டடக் கலையின் மிகப் பெரிய விருதான பிரிட்ஸ்கர் 2010ல் அவர்களுக்குக் கிடைத்தது. வெளிச்சுவர் கண்ணாடி, உள்சுவர்களிலும் பெரும்பாலானவை கண்ணாடி, மூலைகள் எல்லாம் வளைந்த கண்ணாடி. ஓர் அறையில் நின்றால் அடுத்த அறையும், அதற்கடுத்த அறையும், அதையும் தாண்டி வெளியே இருக்கிற மரங்களும் தெரியும். உள்ளறைச் சுவருக்கும் வெளிச்சுவருக்கும் இடையே காற்றிடைவெளி விட்டிருக்கிறார்கள், குளிருக்கும் வெயிலுக்கும் அதுதான் தடுப்பு. இவ்வளவு வெளிச்சத்தை ஓவியம் தாங்காது, சாயம் வெளுத்துவிடும். கண்ணாடிக்கு வெயிலால் ஒரு கெடுதலும் இல்லை. உள்ளே வைத்திருக்கும் பொருளின் குணம் தெரிந்து எழுப்பிய கட்டடம் என்பதால்தான் எனக்கு இது இவ்வளவு பிடித்திருக்கிறது. ஒரு வருத்தமும் உண்டு. கண்ணாடி ஊர் என்றே பெயரெடுத்த ஊரில், இந்த மண்டபத்தின் சுவர்களுக்கான கண்ணாடியை வளைத்து ஒட்டித் தயார்செய்த வேலை சீனாவில்தான் நடந்தது. தொழில் எங்கே போய்விட்டது என்பதை அந்தச் சுவர்களே சொல்கின்றன.

பழங்கால எகிப்திலிருந்து இன்றுவரைக்குமான கண்ணாடிப் பொருட்கள் இங்கே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. விரல் நீளத் தைலக் குப்பிகளை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். கண்ணாடியை ஊதிச் செய்யும் வித்தை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்புதான் மத்தியதரைக் கடலின் கீழ்க்கரையில் பிறந்தது. அதற்கு முன் களிமண் கலந்த ஒரு கருவைக் கம்பியில் செருகி, அதன்மேல் உருகிய கண்ணாடியைச் சுற்றி, வண்ண இழைகளைச் சீப்பால் வாருவதுபோல இழுத்துக் கோலமிட்டு, ஆறியபின் உள்ளே இருக்கும் கருவைச் சுரண்டி எடுப்பார்கள். அரசர் வீட்டுப் பொருளாக இருந்தது, ஊதத் தெரிந்த பிறகுதான் சாதாரண வீட்டுக்கு வந்தது. லிப்பி நிறுவனம் 1904ல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சிக்காகச் செய்த பிரம்மாண்டமான வெட்டுக்கண்ணாடிக் கிண்ணமும் இங்கே இருக்கிறது. தொழிற்சாலையின் கைத்திறன் உச்சத்தில் இருந்த காலத்தின் சாட்சி அது.

அம்மா அப்பாவை எப்படியும் உட்கார வைக்க வேண்டிய இடம், மண்டபத்துக்குள்ளேயே இருக்கும் ஊதுலைக் கூடம். உங்கள் கண்ணெதிரே ஒருவர் 1,100 டிகிரி செல்சியஸ் அளவில் கொதிக்கும் உலைக்குள் இரும்புக் குழலை விட்டுக் கண்ணாடியைத் திரட்டி எடுப்பார். அது கம்பிப் பதத்துக்கு வந்த வெல்லப்பாகு மாதிரி தொங்கும், அதனால் குழலைச் சுழற்றுவதை ஒரு நொடிகூட நிறுத்த முடியாது. ஊதி, உருட்டி, ஈரச் செய்தித்தாள் மடிப்பால் தடவி, மறுபடி நெருப்பில் காட்டி, இடுக்கியால் கழுத்தைக் குறுக்குவார். கூட இருப்பவர் அடுத்து என்ன வேண்டும் என்று கேட்காமலே எடுத்து நீட்டுவார். முடிந்த பொருளை உடனே வெளியே வைக்க மாட்டார்கள். மேல்தோல் சீக்கிரம் ஆறிச் சுருங்கி, உள்ளே சூடு தங்கினால் வெடித்துவிடும். அதற்கென்று இருக்கும் தனி அடுப்பில் வைத்து மணிக்கணக்காக, மெதுவாக ஆறவிடுவார்கள். நேரத்தை முன்கூட்டியே பார்த்து, அதைச் சுற்றி உங்கள் நாளை அமைத்துக்கொள்ளுங்கள். ஓவியத்தில் ஈடுபாடே இல்லாதவர்கள்கூட இங்கிருந்து எழுந்து வர மாட்டார்கள்.

இந்தக் கூடத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1960 வரை அமெரிக்காவில் கண்ணாடி என்றால் தொழிற்சாலை. கலைஞர் படம் வரைந்து கொடுப்பார், தொழிலாளி ஊதுவார். ஒரு தனி மனிதர் சொந்தப் பட்டறையில் உலை வைத்துக் கண்ணாடி செய்ய முடியும் என்று பெரும்பாலானவர்கள் நம்பவில்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மட்பாண்டக் கலை கற்பித்த ஹார்வி லிட்டில்டன் நம்பினார். 1962 மார்ச்சில் இந்த அருங்காட்சியக வளாகத்திலிருந்த ஒரு கொட்டகையில் பயிற்சிப் பட்டறை நடத்த அவருக்கு இடம் கொடுத்தார்கள். முதல் உருக்கு சரியாக வரவில்லை, ஊதக் கிடைத்த கண்ணாடி படியவில்லை. அப்போது டொமினிக் லபீனோ கைகொடுத்தார். கண்ணாடி இழை தயாரிக்கும் ஜான்ஸ் மேன்வில் நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்தவர் அவர். இழை இழுப்பதற்காக அங்கே செய்துவைத்திருந்த கோலிக்குண்டுகளை உருக்கிப் பாருங்கள் என்றார். உருகியது, ஊதவும் வந்தது. ஆனால் சரியாக ஊதத் தெரிந்தவர் அங்கே யாரும் இல்லை. லிப்பி தொழிற்சாலையில் ஊதுபவராக இருந்து ஓய்வுபெற்ற ஹார்வி லீஃப்கிரீன் வந்து குழலைப் பிடித்துக் காட்டினார். ஜூனில் இரண்டாவது பட்டறை நடந்தது. அமெரிக்காவில் ஸ்டூடியோ கண்ணாடி இயக்கம் இந்த இரண்டு பட்டறைகளில்தான் பிறந்தது என்கிறார்கள். பிறகு உலகப் புகழ்பெற்ற டேல் சிஹூலி, லிட்டில்டனிடம் மாணவராக இருந்தவர்.

லபீனோவின் ஆய்வறிவும் லீஃப்கிரீனின் கைப்பழக்கமும் வேறு எந்த ஊரில் ஒரே கொட்டகைக்குள் வந்திருக்கும்? தொழிற்சாலையில் ஓய்வுபெற்ற ஒரு ஊதுபவரின் பெயர் கலை வரலாற்றில் நிலைத்திருப்பது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது.

மதியத்துக்குப் பிறகு பிரதான கட்டடத்துக்குப் போங்கள். எல்லாவற்றையும் பார்க்க முயல வேண்டாம். ரெம்பிராண்ட் 1631ல், இருபத்தைந்து வயதில் வரைந்த இறகுத் தொப்பி அணிந்த இளைஞனுக்கு முன்னால் நேரம் எடுத்து நில்லுங்கள். முகத்தில் விழுகிற ஒளி எங்கே மங்கி நிழலாகிறது என்று கண்ணால் பிரிக்கவே முடியாது. ரூபன்ஸின் புனித கேத்தரின் முடிசூட்டு ஓவியம் தூரத்தில் நின்று பார்ப்பதற்கானது, பட்டுத்துணி பளபளக்கும். வான் கோ தன் கடைசி வருடமான 1890ல் பிரான்ஸின் ஓவர் என்ற கிராமத்தில் வரைந்த கோதுமை வயல் இங்கே இருக்கிறது. மோனேயின் அல்லிக்குளமும் உண்டு. கூட்டம் அங்கேதான் நிற்கும், நான் அதிக நேரம் நிற்பது வேறோர் இடத்தில்.

தாமஸ் கோல் 1840ல் வரைந்த ‘கட்டடக் கலைஞரின் கனவு’ என்ற பெரிய படம் அது. ஒரு தூணின் உச்சியில் தடிமனான புத்தகங்களின் மேல் சாய்ந்தபடி ஒரு மனிதர், அவருக்கு முன்னால் எகிப்தியப் பிரமிடும் கிரேக்கக் கோயிலும் ரோமானிய வளைவுகளும், இந்தப் பக்கம் இருளில் ஒரு கோதிக் தேவாலயமும். இதை வரையச் சொன்ன இத்தியல் டவுன் என்ற கட்டடக் கலைஞர், வந்து பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று வாங்க மறுத்துவிட்டார். அவருக்கு இயற்கைக் காட்சி வேண்டியிருந்ததாம். தன் தொழிலுக்கு இதைவிடப் பெரிய மரியாதையை யாரும் வரைந்து கொடுத்திருக்க முடியாது, அவர் அதை விட்டுவிட்டார்.

எல் கிரேக்கோவின் ‘தோட்டத்தில் வேதனை’யையும் தேடிப் பிடியுங்கள். கிரேக்கத் தீவில் பிறந்து ஸ்பெயினின் டொலிடோ நகரத்தில் வாழ்ந்து இறந்தவர் அவர். அந்த ஊரின் பெயரைத்தான் இந்த ஊரும் வைத்துக்கொண்டது. இரண்டு ஊர்களும் 1931லேயே சகோதர நகரங்களாக உறவு பூண்டன. கால் வலித்தால் கிளாய்ஸ்டர் என்ற முற்றத்துக்கு வந்துவிடுங்கள். பிரான்ஸின் இடைக்கால மடங்களிலிருந்து கொண்டுவந்த தூண்களை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள்.

உங்கள் பெற்றோருக்கு நீங்களே சொல்ல வேண்டிய கதை ஒன்று உண்டு, ஏனென்றால் அதன் பொருள் இப்போது அங்கே இல்லை. 2006ல் இந்த அருங்காட்சியகம் நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூரிடமிருந்து ஒரு சோழர் காலப் பிள்ளையார் செப்புத் திருமேனியை வாங்கியது. விற்றவர் தந்த ஆவணங்களை நம்பி வாங்கினார்கள். அந்தப் பிள்ளையார் அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் சிவன் கோயிலிலிருந்து திருடு போனவர். 2011ல் கபூர் ஜெர்மனியில் கைதான பிறகு, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் கோயிலில் எடுத்து வைத்திருந்த பழைய புகைப்படத்தோடு ஆர்வலர்கள் ஒப்பிட்டுப் பார்த்தபோது இரண்டும் ஒன்றே என்று தெரிந்தது. 2014ல் அருங்காட்சியகம் திருப்பித் தர முடிவு செய்தது. இதே கோயிலின் நடராஜர் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம்வரை போய்த் திரும்பியவர்.

இதை அந்த அருங்காட்சியகத்தைத் தவிர்ப்பதற்காகச் சொல்லவில்லை. பழங்கால இத்தாலியின் எட்ருஸ்கானியக் குடம் ஒன்றையும் அவர்கள் இத்தாலிக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் ஆசியப் பகுதியில் நடக்கும்போது, இது எந்தச் சன்னிதியில் இருந்தது, எப்போது வெளியே வந்தது என்று குறிப்புச் சீட்டில் தேடிப் படிக்கிற பழக்கம் நமக்கு வேண்டும். ஸ்ரீபுரந்தான் பிள்ளையார் பிடிபட்டதற்குக் காரணம், யாரோ ஒருவர் கோயிலுக்குள் போய்ப் பொறுப்போடு ஒரு படம் எடுத்து, அதை ஒழுங்காக அடுக்கியும் வைத்திருந்ததுதான். நம் ஊர்க் கோயில்களில் இன்றும் அப்படிப் பதிவாகாத திருமேனிகள் இருக்கின்றன என்பது என்னைக் கவலைப்பட வைக்கிறது.

அருங்காட்சியகக் கட்டடத்துக்குள்ளேயே பெரிஸ்டைல் என்ற இசை அரங்கம் இருக்கிறது. 1933ல், பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில் கட்டி முடித்தது, கிரேக்கத் திறந்தவெளி அரங்கின் அமைப்பு, மேலே வானம்போல் தீட்டிய கூரை. டொலிடோ சிம்பொனி இங்கே வாசிக்கிறது, உங்கள் சனிக்கிழமையில் கச்சேரி இருந்தால் விடாதீர்கள். ஒட்டியே நிற்கும் உலோகப் பலகை போர்த்த கட்டடம், பல்கலைக்கழகக் கலைத்துறைக்காக ஃபிராங்க் கெரி வடிவமைத்தது. வெளியிலிருந்து ஒருமுறை சுற்றிப் பார்த்தால் போதும். பக்கத்துத் தெருக்களான ஓல்ட் வெஸ்ட் எண்டில் 19ஆம் நூற்றாண்டுக் கடைசியில் பணக்காரர்கள் கட்டிய பெரிய வீடுகள் வரிசையாக இருக்கின்றன, லிப்பியின் வீடும் அவற்றில் ஒன்று. நடக்க முடியாவிட்டால் காரிலேயே மெதுவாக ஒரு சுற்று வரலாம். நகர மையத்தில் 1940ல் திறந்த பொது நூலகத்தின் சுவர்களில் விட்ரோலைட் என்ற வண்ணக் கண்ணாடிப் பலகைகளை வெட்டிப் பதித்த சித்திரங்கள் உண்டு. கண்ணாடியோடு தொடங்கிய நாளுக்குப் பொருத்தமான இடம், பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

இரண்டாம் நாளை ஆற்றுக்குக் கொடுங்கள். மாமீயின் கிழக்குக் கரையில், ஈரி, சுப்பீரியர் போன்ற பேரேரிகளின் தேசிய அருங்காட்சியகம் 2014ல் திறந்தது. கலை இல்லை, ஆனால் டொலிடோ ஏன் துறைமுகம் ஆனது என்பது இங்கேதான் புரியும். மினசோட்டாவின் இரும்புத் தாது கப்பலில் இறங்கி வரும், தெற்கேயிருந்து ரயிலில் வந்த நிலக்கரியும் வயல்களின் தானியமும் கப்பலேறிப் போகும். 1959ல் செயின்ட் லாரன்ஸ் கடல்வழி திறந்த பிறகு, கடலிலிருந்து இவ்வளவு உள்ளே இருக்கிற இந்த ஊருக்குப் பெரிய வெளிநாட்டுக் கப்பல்களும் வரத் தொடங்கின. 1975 நவம்பர் 10ல் சுப்பீரியர் ஏரிப் புயலில் 29 பேருடன் மூழ்கிய எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் கப்பலின் உயிர்காப்பு மிதவை ஒன்று இங்கே இருக்கிறது. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. டொலிடோவுக்கு அடிக்கடி தாது கொண்டுவந்த கப்பல் அது, அதனால் இந்த ஊர்க்காரர்களுக்கு அது தூரத்துச் செய்தி இல்லை.

வெளியே கரையில் ‘கர்னல் ஜேம்ஸ் எம். ஸ்கூன்மேக்கர்’ நிற்கிறது. 1911ல் நீரில் இறங்கியபோது பேரேரிகளிலேயே மிகப் பெரிய சரக்குக் கப்பல், நீளம் 617 அடி. உள்ளே போய் மாலுமிகள் அறை, சமையலறை, இயந்திர அறை எல்லாம் பார்க்கலாம். இரும்பு ஏணிகள் செங்குத்தானவை, முழங்கால் வலி உள்ளவர்களை ஏற்ற வேண்டாம். அவர்கள் கட்டடத்துக்குள் இருக்கும் காட்சிகளைப் பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் மட்டும் போய் வாருங்கள். கப்பல் திறந்திருப்பது வெயில் மாதங்களில் மட்டும். சுப்பீரியர் ஏரியிலிருந்து கப்பல்கள் கீழே இறங்கி வருகிற சூ பூட்டுக் கால்வாய், குளிர்காலத்தில் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை மூடியிருக்கும், அப்போது அந்த ஏரியிலிருந்து தாதுக் கப்பல் எதுவும் வராது. மே முதல் அக்டோபர் வரை போனால், ஸ்கூன்மேக்கருக்குள்ளும் போகலாம், ஓடுகிற கப்பல்களையும் பார்க்கலாம்.

குழந்தைகள் கூட வந்தால் உயிரியல் பூங்காவுக்கு அரை நாள் ஒதுக்கலாம், 1930களில் வேலையில்லாதவர்களுக்கு வேலை தரும் அரசுத் திட்டத்தில் எழுந்த அழகான கல் கட்டடங்கள் அங்கே இருக்கின்றன. சாப்பாட்டுக்கு எல்லோரும் டோனி பாக்கோவின் ஹங்கேரியத் தொத்திறைச்சியைச் சொல்வார்கள். அசைவம் சாப்பிடுபவர்களுக்குச் சரி. சைவப் பெற்றோர் என்றால் லெபனான் உணவகங்களைத் தேடுங்கள். நூறு வருடத்துக்கும் மேலாக லெபனான், சிரியா பகுதியிலிருந்து வந்தவர்கள் வாழும் ஊர் இது, ஃபலாஃபெலும் ஹம்முஸும் பருப்புச் சூப்பும் நன்றாகவே கிடைக்கும். அப்புறம், தங்குவதற்கு நகர மையத்தில் ஆற்றுப் பக்கம் அறை எடுங்கள், நான் சொன்ன இடங்கள் எல்லாமே அங்கிருந்து காரில் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம்.